பழைய காரின் மீட்டர் முள் பொய் சொல்கிறதா? வயர்மேனிடம் போகுமுன் நீங்களே பார்க்கலாம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை. உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக ரிங்லெட் போய்க்கொண்டிருந்தோம். பாதி ஏற்றத்தில் வெப்பமானியின் முள் மெல்ல மேலே போனது. அப்பா வேகத்தைக் குறைத்தார். சற்று நேரத்தில் முள் சட்டென்று விழுந்து ‘சி’ எழுத்துக்குக் கீழே படுத்துக்கொண்டது. “பார்த்தியா, காத்து பட்டதும் ஆறிடுச்சு” என்று அப்பா மகிழ்ச்சியோடு சொன்னார். நாலைந்து வளைவுகள் தாண்டியதும் பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. அதோடு வண்டி நின்றது. சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கெட் போய்விட்டது என்று மறுநாள் பட்டறையில் சொன்னார்கள். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்திற்கு மேல் அதற்கே போனது.

உண்மையில் அந்த முள் அப்போது ஒன்றையும் அளக்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டது. தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் வெறும் காற்றில் நின்றது. தண்ணீர் இல்லாததால் சூட்டை அதனால் சரியாக உணர முடியவில்லை. சூடான காரில் முள் திடீரென்று விழுந்தால் அது நல்ல செய்தி இல்லை என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நம்மவர்களில் பலர் இன்னும் பழைய கார்களைத்தான் ஓட்டுகிறார்கள். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, அதன் பின் வந்த இஸ்வாரா, வீரா, 1994-இல் அறிமுகமான பெரோடுவா கஞ்சில் எல்லாம் தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் இன்றும் ஓடுகின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும்; மீட்டரை மட்டும் நம்ப முடியாது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும், வேகமானி துள்ளும், அல்லது இருக்க வேண்டிய விளக்குகளில் ஒன்று எரியவே எரியாது. பலர் இதற்குப் பழகிவிடுகிறார்கள். பெட்ரோல் நிலையம் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, இரவு நேரத்தில் செம்பனைக் காட்டு நடுவே வண்டி நிற்கும்போதுதான் அந்தப் பழக்கத்தின் விலை தெரியும்.

இதைக் கருவிப் பலகை என்றும் முகப்புப் பலகை என்றும் எழுதலாம். பட்டறையில் அதற்கு ஒரே பெயர் ‘மீட்டர்’தான். நானும் அப்படியே எழுதுகிறேன். ‘முள்’ மட்டும் நம் பழைய சொல். தராசிலிருந்து கடிகாரத்திற்கும் காருக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் சாவியைத் திருப்பிப் பாருங்கள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கும் எண்ணெய்க் குவளை படம் போட்ட விளக்கும் எரிய வேண்டும். ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தால் அதன் விளக்கும் எரிய வேண்டும். இஞ்செக்ஷன் எஞ்சின் என்றால் எஞ்சின் விளக்கும் வரும். ஸ்டார்ட் ஆனதும், ஹேண்ட்பிரேக் விளக்கைத் தவிர மற்றவை அணைந்துவிட வேண்டும்; ஹேண்ட்பிரேக்கை விடுவித்ததும் அதுவும் அணைய வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. எங்கள் காரில் எண்ணெய் விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. அதை நல்ல அறிகுறி என்றே நினைத்திருந்தோம். பின்னாளில் வேறொரு வேலைக்காக மீட்டரைக் கழற்றிய வயர்மேன், அந்த விளக்கின் இடத்தில் பல்பு இல்லாததையும் துளையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததையும் காட்டினார். எங்களுக்கு முன் அந்தக் கார் யார் யார் கையில் இருந்தது என்று தெரியாது. அந்த விளக்கு எரிந்தது யாருக்கோ பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

எண்ணெய் விளக்கின் வேலை எளிமையானது. எஞ்சின் பக்கவாட்டில் ஒற்றை வயரோடு ஒரு சுவிட்ச் இருக்கும். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அது வயரை எஞ்சின் உடலோடு இணைத்துவிடும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறினால் இணைப்பு விடுபடும். சாவி ஆனில் இருக்கும்போது விளக்கு எரியவில்லை என்றால், அந்த வயரைக் கழற்றி எஞ்சினின் இரும்புப் பகுதியில் தொட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் சுவிட்ச் கெட்டுவிட்டது. எரியாவிட்டால் பல்பு, வயர், பியூஸ் இவற்றில் ஒன்று. ஓட்டும்போது இந்த விளக்கு எரிந்தால் சோதனை செய்து கொண்டிருக்க வேண்டாம். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடம் கழித்து எண்ணெய் அளவுக் குச்சியைப் பாருங்கள். எண்ணெய் சரியான அளவில் இருந்தும் விளக்கு எரிந்தால் காரை இழுத்துக்கொண்டு போவதே மலிவு.

பேட்டரி விளக்குக்கும் ஒரு விசேஷம் உண்டு. பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான சிறு மின்னோட்டம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு கருகிவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறாமல் போகலாம். இரண்டு முறை பேட்டரி மாற்றியும் பிரச்சினை தீரவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தச் சின்னப் பல்பைப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒன்றா, எல்லாமுமா?

கோளாறு ஒரு முள்ளில் மட்டுமா, பலவற்றிலுமா என்பதுதான் அடுத்த கேள்வி. பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

எல்லா முள்ளும் விளக்கும் ஒன்றாகச் செத்துவிட்டால் முதலில் பியூஸ். பெட்டி மூடியில் எந்தப் பியூஸ் எதற்கு என்று அச்சிட்டிருக்கும். சில கார்களில் மீட்டருக்கும் ரிவர்ஸ் விளக்குக்கும் ஒரே பியூஸ்தான். ஆகவே ரிவர்ஸ் விளக்கும் எரியவில்லையா என்று பாருங்கள். கருகிய பியூஸுக்குப் பதில் அதே அளவு ஆம்பியர் பியூஸையே போடுங்கள். பெரிய பியூஸ் போடுவதும் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பதும் டேஷ்போர்டுக்குள் நெருப்பு வைப்பதற்குச் சமம். புதிய பியூஸும் உடனே கருகினால் எங்கோ வயர் தேய்ந்து உடலைத் தொடுகிறது. பழைய அலாரம், ரேடியோ, ஸ்பீக்கர் என்று முந்திய உரிமையாளர்கள் வெட்டி ஒட்டிய இடங்களில் தேடத் தொடங்கலாம்.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே தவறாகக் காட்டினால் காரணம் பெரும்பாலும் பொதுவான ஒன்று. சில பழைய கார்களில் மீட்டருக்குப் பின்னால் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சிறு பாகம் ஒன்று இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டைத் தட்டித் தட்டிச் சராசரி 7 வோல்ட் அளவுக்குக் குறைத்து அது முட்களுக்குக் கொடுக்கிறது. சாவி திருப்பியதும் இத்தகைய கார்களில் முள் துள்ளாமல் சோம்பலாக ஏறும். அந்தப் பாகம் ஒட்டிக்கொண்டால் இரண்டு முள்ளும் அளவுக்கு மேல் காட்டும். திறந்தபடியே நின்றுவிட்டால் இரண்டும் அசையாது.

அடுத்தது எர்த். சிக்னல் போடும்போது அதே தாளத்தில் முள்ளும் ஆடுகிறதா? ஹெட்லைட் போட்டதும் முள் இடம் மாறுகிறதா? அப்படியென்றால் எர்த் சரியில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நீண்ட வயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை மீட்டரின் எர்த் திருகிலும் பிடித்துப் பாருங்கள். ஆட்டம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் பட்டை எர்த்தையும், டேஷ்போர்டு அடியில் திருகப்பட்ட எர்த்தையும் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினால் போதும். செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

பெட்ரோல் முள்

டேங்கிக்குள் ஒரு மிதவை. அதன் கம்பி ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகர்கிறது. பழைய ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் டேங்கி நிறைந்திருந்தால் மின்தடை சுமார் 3 ஓம், காலியானால் சுமார் 110 ஓம். மின்தடை குறைந்தால் முள் ‘எஃப்’ பக்கம் போகும்; கூடினால் ‘இ’ பக்கம் வரும். இந்த ஒரு விதி தெரிந்தால் மற்றவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

வயர் அறுந்தால் முள் ‘இ’யில் கிடக்கும். மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து அது மூழ்கினாலும் ‘இ’தான். வயர் எங்காவது உடலைத் தொட்டால் எப்போதும் ‘எஃப்’. நிரப்பிய பிறகும் முக்கால் வரைதான் ஏறுகிறது என்றால் டேங்கி எர்த்தில் துரு ஏறியிருக்கலாம். நிறைந்தபோதும் காலியாகும்போதும் சரியாகக் காட்டி, நடுவில் மட்டும் குதித்தால் பட்டை நடுவில் தேய்ந்திருக்கிறது. தினமும் பாதி டேங்கியிலேயே ஓடும் கார்களில் இது வருவது இயல்பு.

உறுதி செய்ய டேங்கியின் மேல் உள்ள கனெக்டரைத் தேட வேண்டும். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி தெரியும். சிலவற்றில் டேங்கியையே இறக்க வேண்டியிருக்கும். அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். கனெக்டரைக் கழற்றியதும், சாவி ஆனில், முள் ‘இ’க்கு வர வேண்டும். மீட்டருக்குப் போகும் வயரைச் சிறு 12 வோல்ட் பல்பு ஒன்றின் வழியாக எர்த்தில் தொட்டால் முள் ஏற வேண்டும். நேரடியாகத் தொட்டு நெடுநேரம் பிடித்திருந்தால் மீட்டரே கருகிவிடும். பல்பு வைப்பது அதற்காகத்தான். முள் ஏறினால் மீட்டரும் வயரும் நலம், குற்றவாளி டேங்கிக்குள். ஏறாவிட்டால் டேங்கியைத் தொட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். இஞ்செக்ஷன் கார்களில் அதே இடத்தில் பெட்ரோல் பம்பின் தடித்த வயர்களும் வரும். அவற்றை எர்த்தில் தொடக் கூடாது. இன்னொன்று, மிதவையை வெளியே எடுப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். அந்த வேலையைத் திறந்தவெளியில், குறைந்த பெட்ரோலோடு, சிகரெட்டும் அடுப்பும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். காலி டேங்கியில் நிற்கும் ஆவி, பெட்ரோலைவிட ஆபத்தானது.

பழுது பார்க்கும் வரை டிரிப் மீட்டர் உங்களுக்குக் கைகொடுக்கும். நிரப்பும் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப்பை சுழியத்திற்குத் திருப்புங்கள். உங்கள் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது, டேங்கியில் 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 360 கிலோமீட்டர் வரும். 250-இலேயே மீண்டும் நிரப்பிவிடுங்கள். இஞ்செக்ஷன் கார்களில் டேங்கியை வற்ற விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: உள்ளே இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான்.

வெப்ப முள்

மீட்டரில் அலட்சியம் செய்யக் கூடாத முள் இது ஒன்றுதான். பெட்ரோல் தீர்ந்தால் நடக்கலாம். எஞ்சின் வெந்தால் கார் போய்விடும்.

எஞ்சினில் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பச் சென்சார்கள் இருக்கலாம். மீட்டருக்கானது பெரும்பாலும் ஒற்றை வயர் கொண்டது, தெர்மோஸ்டாட் அருகே இருக்கும். இரண்டு வயர் உள்ளது எஞ்சின் கணினிக்கு. ரேடியேட்டரில் இருப்பது ஃபேனை ஓட்டும் சுவிட்ச். முள் வேலை செய்யவில்லை என்று தவறான சென்சாரை மாற்றிவிட்டுப் பணம் போயிற்றே என்று வருந்துகிறவர்கள் பலர்.

இந்தச் சென்சார் சூடு ஏற ஏற மின்தடையைக் குறைக்கும். ஆகவே ஒற்றை வயரைக் கழற்றினால் முள் ‘சி’க்குப் போக வேண்டும், பல்பு வழியாக எர்த்தில் தொட்டால் ‘எச்’ பக்கம் நகர வேண்டும். நகர்ந்தால் மீட்டர் நலம். அதன் பிறகு சென்சாரையோ தண்ணீரையோ பார்க்க வேண்டும். புதுச் சென்சார் போடும்போது திருகில் வெள்ளை டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றாதீர்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அந்தத் திருகுதான் எர்த். டேப் அதை மறைத்துவிட்டால் புதுச் சென்சாரும் குறைவாகவே காட்டும்.

முள் எப்போதும் ‘சி’க்குச் சற்று மேலேயே நிற்கிறது என்றால் மீட்டரைக் குறை சொல்லுமுன் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் நாடு வெயில் நாடுதானே என்று பழைய கார்களில் அதைக் கழற்றி எறிந்துவிடும் பட்டறைகள் உண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சரியான சூட்டை, அதாவது ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரியை, எட்ட நேரமாகும். நெடுஞ்சாலையில் ஓடும்போது எட்டாமலேயும் போகலாம். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். முள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

முள் ‘எச்’ பக்கம் ஏறினால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஓட்டாதீர்கள். நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறிய பிறகு தண்ணீர் அளவு சரி, ஃபேன் ஓடுகிறது, குழாய்களில் கசிவு இல்லை என்றால்தான் முள்ளைச் சந்தேகிக்கலாம்.

வேகமானி

பழைய கார்களில் கியர் பெட்டியிலிருந்து மீட்டர் வரை ஒரு கேபிள் வருகிறது. உள்ளே சுழலும் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும்; காந்தம் தன்னைத் தொடாமலேயே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும்; மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். கிண்ணத்தோடு இணைந்ததுதான் முள்.

முள் நடுங்கி, டேஷ்போர்டிலிருந்து ‘கிறீச்’ சத்தமும் வந்தால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அறுந்து போகுமுன் அது தரும் அறிகுறி அதுதான். கிரீஸைக் கீழ்ப்பகுதியில் லேசாகத் தடவலாம். எண்ணெய் ஊற்ற வேண்டாம், அது ஏறி மீட்டருக்குள் போய்விடும். வேகமானியும் கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து நின்றுவிட்டால் கேபிளோ கியர் பெட்டியில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரமோ காரணம். வேகம் காட்டுகிறது, எண் மட்டும் ஓடவில்லை என்றால் மீட்டருக்குள் சிறு பல்சக்கரம் ஒன்று உடைந்திருக்கிறது.

கேபிள் அறுந்ததா என்று பார்க்கச் சாலையில் ஓட்ட வேண்டியதில்லை. சமதரையில் ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொல்லுங்கள். கேபிளின் சதுர முனை சுழன்றால் கேபிள் நலம். காருக்கு அடியில் மட்டும் நுழையாதீர்கள்.

பிற்காலக் கார்களில் கேபிளுக்குப் பதில் சென்சார் இருக்கிறது. வேகமானி நிற்பதோடு ஆட்டோ கியர் மாறுவதிலும் தடுமாற்றம் வந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

சரியாகக் காட்டுகிறதா என்பதைக் கைப்பேசி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடலாம். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். வேகமானி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அனைத்துலக விதியே குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது. உங்கள் கார் குறைத்துக் காட்டினால் டயரைப் பாருங்கள். யாரோ பெரிய டயர் போட்டிருந்தால் முள் 110 காட்டும்போது கார் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலைக் கேமராவுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது.

மீட்டரைக் கழற்றும்போது

இருபத்தைந்து ஆண்டு வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அது. திருப்புளியால் நெம்பினால் உடையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, திருகுகளை எடுத்து, பின்னால் கேபிளையும் கனெக்டர்களையும் அமுக்கி விடுவியுங்கள். எது எங்கே இருந்தது என்று முன்கூட்டியே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் உள்ள காரானால் மஞ்சள் நிறக் கனெக்டர்களில் கை வைக்காதீர்கள், அது வயர்மேன் வேலை. மீட்டரின் முதுகில் செம்புக் கோடுகளோடு ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். முட்களைப் பிடித்திருக்கும் சிறு நட்டுகள் தளர்ந்து அங்கே தொடர்பு விட்டுப்போவது மிகச் சாதாரணம். லேசாக இறுக்கி, கறுத்த முனைகளைப் பள்ளி அழிப்பானால் தேய்த்தாலே பாதி மீட்டர்கள் உயிர் பெறும் என்பது எங்கள் வயர்மேன் கணக்கு.

அதிலும் சரிவராவிட்டால் ஹாஃப் கட் கடைகளில் பழைய மீட்டர் கிடைக்கும். அதே மாடல், அதே எஞ்சின், அதே வகைக் கியர் என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் அதிலுள்ள கிலோமீட்டர் இன்னொரு காருடையது. மாற்றிய தேதியையும் இரண்டு எண்களையும் எழுதி, பட்டறை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காரை விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைக் காட்டிவிடலாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. சில பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு மீண்டும் சுழியம். 40,000 என்று காட்டும் காரின் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் வாங்கிய காரில் கிலோமீட்டரையோ விளக்குகளையோ மறைத்து ஏமாற்றியிருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். விற்பனை ரசீது, விளம்பரத்தின் படம், வயர்மேன் எடுத்த படங்கள் எல்லாம் ஆதாரமாகும். பக்கத்து வீட்டுக்காரரிடமோ நண்பரிடமோ கைமாறிய காருக்கு அந்த வழி இல்லை. அங்கே பணம் கொடுப்பதற்கு முன் சாவியை ஆனில் திருப்பி விளக்குகளை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.